எக்ஸ்டர்னல் டிரைவில் புகைப்படங்களைச் சேமிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்பில் இடம் நிறைந்துவிட்டது, போனும் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்கிறது, படங்களை எக்ஸ்டர்னல் டிரைவுக்கு மாற்றியே ஆக வேண்டும். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்களுக்கானது இந்தப் பக்கம். விண்டோஸ் 10, விண்டோஸ் 11, மேக் மூன்றுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். டிரைவ் காலியாக இருக்கும்போது எடுக்கும் சில முடிவுகளைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. 800 ஜிபி படங்கள் ஏறிய பிறகு ஃபார்மேட்டை (டிரைவில் கோப்புகள் எழுதப்படும் முறையை) மாற்ற நினைத்தால், அத்தனையையும் வேறெங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். ஆகவே பெட்டியைப் பிரித்ததும் படங்களைக் கொட்டத் தொடங்காமல் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் வாங்குவதா, எஸ்எஸ்டி வாங்குவதா?

படங்களை வைத்துக்கொள்ள மட்டும் என்றால் ஹார்ட் டிஸ்க் போதும். அதே விலைக்கு, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியைவிட அதிக இடம் கிடைக்கும். டிரைவில் இருந்தபடியே லைட்ரூம் போன்ற மென்பொருளில் எடிட் செய்பவர்களுக்கும், டிரைவைப் பையில் போட்டு அலைபவர்களுக்கும் எஸ்எஸ்டிதான் சரி.

வேகத்தில் வித்தியாசம் பெரிது. கையடக்கமான 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 140 எம்பி வரை எழுதும். சாதாரண யூஎஸ்பி எஸ்எஸ்டி 400 எம்பியைத் தாண்டும், நல்லவை 1,000 எம்பியைத் தொடும். ஹார்ட் டிஸ்க்கில் தகடு சுழல்கிறது, அதன்மேல் மயிரிழை உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தகட்டில் உரசும், பெரும்பாலும் கதை அங்கேயே முடியும். எஸ்எஸ்டிக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் எஸ்எஸ்டியில் தவறுதலாக அழித்த படத்தை மீட்பது கடினம். ‘டிரிம்’ என்ற வசதி இயங்கும் இடங்களில், அழித்த பகுதியை டிரைவே துடைத்துவிடும். மின்சாரமே கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போட்டுவைக்கவும் எஸ்எஸ்டி ஏற்றதல்ல.

எங்கள் பரிந்துரை: விலையுயர்ந்த ஒரு டிரைவுக்குப் பதிலாக, அதே பணத்தில் சாதாரண ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

பென் டிரைவ் வேண்டாம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் படம் கொண்டுபோக அது நல்லது, நிரந்தர இருப்பிடமாக வைக்கும் அளவுக்கு நம்பகமானதல்ல.

எத்தனை ஜிபி தேவைப்படும்?

முதலில் இப்போது உங்களிடம் இருப்பதைக் கூட்டுங்கள்: லேப்டாப்பின் ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டர், போன்கள், பழைய பென் டிரைவ்கள், ஸ்டுடியோக்காரர் கொடுத்த கல்யாண ஆல்பம். பிறகு ஓர் ஆண்டுக்கு எவ்வளவு சேரும் என்று பாருங்கள். 12 மெகாபிக்சல் போன் படம் ஒன்று 3 முதல் 5 எம்பி. 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படம்) 25 முதல் 30 எம்பி. ஐபோனில் 4கே வீடியோ நொடிக்கு 30 ஃபிரேமில், எச்இவிசி என்ற சுருக்க முறையில், நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி.

ஆண்டுக்கு 5,000 போன் படம் எடுக்கும் குடும்பத்துக்கு அவை 20 ஜிபிதான் ஆகும். அதே குடும்பம் மூன்று மணி நேர 4கே வீடியோ எடுத்தால் அது மட்டும் 30 ஜிபி. இடத்தைத் தீர்மானிப்பது வீடியோதான். பெரும்பாலான வீடுகளுக்கு 2 டிபி பல ஆண்டுகளுக்குத் தாங்கும். ராவில் எடுக்கும் கல்யாண போட்டோகிராபருக்குக் கணக்கு வேறு. ஒரு விழாவுக்கு 3,000 படம் என்றால் 80 ஜிபிக்கு மேல். 2 டிபி டிரைவ் இருபது இருபத்திரண்டு விழாவோடு நிறைந்துவிடும். எந்த டிரைவையும் விளிம்புவரை நிரப்பாதீர்கள். 10 சதவீதமாவது காலியாக விடுங்கள்.

2 டிபி வாங்கினேன், 1.81 டிபி என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஒரு டிபியை ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1,024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. அதனால் 1 டிபி டிரைவ் 931 ஜிபி என்றும், 2 டிபி டிரைவ் 1.81 டிபி என்றும் தெரியும். அதே டிரைவை மேக்கில் செருகினால் முழு 2 டிபி காட்டும்.

ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சிறிய மெமரி கார்டு அல்லது பென் டிரைவ் சிப். அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றி 16 டிபி என்று சொல்ல வைத்திருப்பார்கள். கொடூரம் என்னவென்றால், காப்பி செய்யும்போது எந்தப் பிழையும் வராது. உண்மையான இடம் தீர்ந்ததும் புதிய படங்கள் பழையவற்றின்மேல் எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். கோப்பின் பெயரும் அளவும் சரியாகத் தெரியும், திறந்தால்தான் ஒன்றும் இருக்காது.

சந்தேகம் இருந்தால், படம் ஏற்றும் முன் விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, மேக்கில் ‘எஃப்3’ என்ற இலவசக் கருவிகளை ஓட்டுங்கள். டிரைவ் முழுவதையும் சோதனைக் கோப்புகளால் நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடும். 2 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு அரை நாள் ஆகலாம், இரவில் விட்டுவிடுங்கள். அசல் டிரைவுக்கும் இது நல்ல சோதனை. பிறவிக் குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் தெரிந்துவிடும்.

எந்த போர்ட்டில் செருகுவது? கேபிள் முக்கியமா?

முக்கியம். வேகமான டிரைவ் வாங்கியும் மெதுவாக இருக்கிறது என்று புலம்புபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டில் நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி அளவில்தான் போகும். 200 ஜிபி ஏற்ற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். யூஎஸ்பி 3-இல் அதே ஹார்ட் டிஸ்க் அரை மணியில் முடிக்கும். பல கணினிகளில் யூஎஸ்பி 3 போர்ட்டின் உள்நாக்கு நீல நிறத்தில் இருக்கும். டைப்-சி கேபிள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும், போன் சார்ஜருடன் வரும் கேபிள்களில் பல யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு மட்டும் கம்பி இழுத்தவை. டிரைவுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள், அதில் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரமும் இதில் சேர்ந்தது. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3.0 தருவது 900. ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில்தான் அதிகம் இழுக்கும். போதாவிட்டால் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டு, தெரிவதும் மறைவதுமாக இருக்கும். டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டில் அப்படி நடந்தால், பின்பக்கம் மதர்போர்டில் நேரடியாக உள்ள போர்ட்டில் செருகிப் பாருங்கள். தனி அடாப்டர் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் ஹார்ட் டிஸ்க் போடாதீர்கள். 3.5 அங்குலப் பெரிய டிரைவுக்கு எப்படியும் 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். அதை யூபிஎஸ் வழியாகச் செருகுவது நல்லது, எழுதும்போது கரண்ட் போனால் கோப்பு அட்டவணை (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) குலையலாம்.

எந்த ஃபார்மேட்டில் வைப்பது?

இந்த முடிவைத்தான் நிதானமாக எடுக்க வேண்டும்.

விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவீர்கள் என்றால் என்டிஎஃப்எஸ். தயக்கமே வேண்டாம். அது எழுதுவதற்கு முன் ‘இன்னது செய்யப்போகிறேன்’ என்று ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும். பாதியில் கேபிள் பிடுங்கப்பட்டால், அடுத்தமுறை அந்தக் குறிப்பைப் பார்த்து அட்டவணையைச் சீராக்கிக்கொள்ளும். அப்போது எழுதிக்கொண்டிருந்த படம் போகலாம், மற்றவை தப்பிக்கும். மேக் இந்த ஃபார்மேட்டைப் படிக்கும், எழுதாது.

மேக்கில் மட்டும் என்றால், எஸ்எஸ்டிக்கு 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பழைய ‘மேக் ஓஎஸ் எக்ஸ்டென்டட் ஜர்னல்டு’ இன்றும் பொருத்தமாக இருக்கிறது. ஏபிஎஃப்எஸ் தகவலைச் சிதறவிட்டு எழுதும், ஹார்ட் டிஸ்க்கில் நாளாக ஆகத் திறக்கவே நேரமெடுக்கும். விண்டோஸ் இரண்டையுமே தானாகப் படிக்காது.

இரண்டு வகைக் கணினியிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். வசதியானது, ஆனால் மேலே சொன்ன குறிப்பேடு அதில் கிடையாது. காப்பி நடக்கும்போது பிடுங்கினால் ஒரு படம் அல்ல, ஒரு ஃபோல்டரே காணாமல் போகலாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டில் மேக் இல்லையென்றால் அது தேவையில்லை.

ஃபேட்32 இப்போது எதற்கும் வேண்டாம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீளமான வீடியோ காப்பியாகாமல் நின்றுவிடும். டிரைவில் இடம் இருக்கிறது, ஆனால் ‘ஃபைல் டூ லார்ஜ்’ என்கிறது என்றால் காரணம் இதுதான்.

விண்டோஸில் ஃபார்மேட் செய்யும் முறை?

டிரைவுக்குள் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபார்மேட் எல்லாவற்றையும் அழிக்கும். மற்ற பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், தவறான டிரைவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதோடு போகும்.

1. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறக்கவும். புத்தம் புதிய டிரைவ் ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்றிருந்தால், டிரைவின் இடத்தைப் பிரிக்கும் முறையாக ‘ஜிபிடி’யைத் தேர்ந்தெடுக்கவும். பழைய ‘எம்பிஆர்’ முறையில் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாமல் கிடக்கும்.
2. அளவைப் பார்த்து உங்கள் டிரைவ்தானா என்று உறுதி செய்யவும். அதன் பகுதியில் ரைட் கிளிக், ‘ஃபார்மேட்’. காலி இடமாக இருந்தால் ‘நியூ சிம்பிள் வால்யூம்’.
3. ‘ஃபைல் சிஸ்டம்’ என்பதில் மேலே முடிவுசெய்த ஃபார்மேட்டைத் தேர்ந்தெடுக்கவும். ‘அலொகேஷன் யூனிட் சைஸ்’ என்பதை ‘டீஃபால்ட்’ ஆகவே விடவும்.
4. பெயர் கொடுக்கவும். ‘நியூ வால்யூம்’ என்று விடாமல் ‘படங்கள்-1’ என்பதுபோல் எண்ணோடு வையுங்கள். அதே பெயரை டிரைவின் மேலும் ஒட்டுங்கள்.
5. புதிய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ‘குயிக் ஃபார்மேட்’ டிக்கை எடுத்துவிடவும். டிரைவ் முழுவதும் பூஜ்யம் எழுதி, கெட்ட இடங்களைக் கண்டு ஒதுக்கும். 2 டிபிக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். எஸ்எஸ்டிக்கும், மேலே சொன்ன முழுச்சோதனை முடித்த டிரைவுக்கும் குயிக் ஃபார்மேட்டே போதும்.

மேக்கில்?

‘டிஸ்க் யூட்டிலிட்டி’ திறந்து, முதலில் ‘வியூ’ மெனுவில் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ கொடுக்கவும். இதைச் செய்யாமல் உள்ளே இருக்கும் பகுதியை மட்டும் அழிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு, அப்போது பழைய எம்பிஆர் அமைப்பு அப்படியே தங்கிவிடும். இடப்பக்கம் மேலே உள்ள டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘இரேஸ்’, ‘ஸ்கீம்’ என்பதில் ‘குயிட் பார்ட்டிஷன் மேப்’, பிறகு ஃபார்மேட்.

படங்கள் இருக்கும் டிரைவைச் செருகினால் ‘ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்கிறதே?

‘கேன்சல்’ அழுத்துங்கள். அந்த டிரைவ் மேக்கில் ஃபார்மேட் செய்ததாக இருக்கலாம், அப்படியானால் பழுதே இல்லை, மேக்கில் செருகினால் திறக்கும். இல்லையென்றால் அட்டவணை கெட்டிருக்கலாம். படங்கள் பெரும்பாலும் தகட்டில் பத்திரமாகத்தான் இருக்கும், ஃபார்மேட் கொடுத்தால்தான் வினை. வேறு கேபிள், வேறு போர்ட், வேறு கணினி என்று முயலுங்கள். அப்போதும் வராவிட்டால் ‘ஃபோட்டோரெக்’ போன்ற மீட்புக் கருவி உதவும், ஆனால் மீட்ட படங்களை அதே டிரைவில் எழுதாமல் இன்னொன்றில் எழுத வேண்டும்.

டிரைவ் எழுத்து ஒவ்வொருமுறையும் மாறுகிறது. லைட்ரூமில் எல்லா ஃபோல்டரிலும் கேள்விக்குறி வருகிறது.

விண்டோஸ் காலியாக இருக்கும் முதல் எழுத்தைக் கொடுக்கும். நேற்று ‘இ’, இன்று பென் டிரைவ் முன்னால் செருகியதால் ‘எஃப்’. லைட்ரூம் படம் இருக்கும் பாதையை நினைவில் வைத்திருப்பதால் குழம்பிவிடுகிறது, படம் எதுவும் தொலையவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவின்மேல் ரைட் கிளிக் செய்து ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’ வழியாக, எக்ஸ் போன்ற கடைசிப் பக்க எழுத்து ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கணினியில் அந்த டிரைவுக்கு அது நிலைத்துவிடும். ஏற்கெனவே கேள்விக்குறி விழுந்திருந்தால், மேல் ஃபோல்டரில் ரைட் கிளிக், ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’. ஒரு முறை வழிகாட்டினால் உள்ஃபோல்டர்கள் தானாகச் சரியாகும்.

லைட்ரூமின் கேட்டலாக் கோப்பை (படங்களின் பட்டியலும் திருத்தங்களும் இருப்பது) மட்டும் லேப்டாப்பின் உள் டிரைவிலேயே வைத்திருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்திருக்க வேண்டிவரும்.

ஃபோல்டர்களை எப்படிப் பிரிப்பது? தமிழில் பெயர் வைக்கலாமா?

ஆண்டு ஒரு ஃபோல்டர், அதற்குள் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒரு ஃபோல்டர். பெயரை ‘2024-01-15 பொங்கல்’ என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் தொடங்குங்கள். நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். ‘அம்மா’, ‘கோவில்’, ‘ஊர்’ என்று ஆட்களையும் இடங்களையும் கொண்டு பிரிக்காதீர்கள். ஒரே படம் மூன்றுக்கும் பொருந்தும், மூன்று இடத்தில் நகல் உண்டாகும்.

தமிழ்ப் பெயர் தாராளமாக வைக்கலாம், மேலே சொன்ன ஃபார்மேட்கள் எல்லாம், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடில் இயங்குபவை. இரண்டு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். ‘பொங்கல்’ நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு. புள்ளியையும் துணையெழுத்தையும் அது தனித்தனியாக எண்ணும். விண்டோஸில் பல மென்பொருள்கள் முழுப் பாதையும் (டிரைவ், ஃபோல்டர், கோப்புப் பெயர் எல்லாம் சேர்ந்து) 260 எழுத்தைத் தாண்டினால் திறக்க மறுக்கும். தமிழ்ப் பெயரில் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும், ஆகவே பெயர் சுருக்கமாக இருக்கட்டும். இன்னொன்று, மேக்கின் பழைய எக்ஸ்டென்டட் ஃபார்மேட் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். அப்படிப் பிரிந்த பெயர் ஜிப் கோப்பு வழியாக விண்டோஸுக்கு வந்தால், பார்க்க ஒன்றேபோல் இருக்கும் இரண்டு ‘பொங்கல்’ ஃபோல்டர்கள் அருகருகே நிற்கும். கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். இரண்டு கணினிக்கும் இடையே அடிக்கடி ஒத்திசைப்பவர்கள் ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது தலைவலியைக் குறைக்கும்.

கட் செய்து பேஸ்ட் செய்யலாமா?

கூடாது. காப்பி செய்யுங்கள், சரிபாருங்கள், பிறகு அழியுங்கள். கட் செய்து ஒட்டும்போது பாதியில் கேபிள் அசைந்தால், எது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

சரிபார்ப்பதற்குக் குறைந்தபட்ச வழி: இரண்டு பக்கமும் ஃபோல்டரில் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’. கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்று இன்னொரு எண்ணும் இருக்கும், அது இரண்டு டிரைவிலும் வேறுபடும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் விண்டோஸில் ‘டெராகாப்பி’ என்ற மென்பொருளில் ‘வெரிஃபை’ தேர்ந்தெடுங்கள். எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடும், நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கல்யாணப் படத்துக்கு அந்த நேரத்தைச் செலவழிக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கில் தொடக்கத்தில் 120 எம்பியில் போய், பல ஜிபி கடந்ததும் 20, 30-க்கு விழுந்தால் பயப்படாதீர்கள். பல கையடக்க டிரைவ்களில் தடங்கள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி எழுதப்படும். அந்த வேலை தேங்கும்போது வேகம் குறையும். பிழை எதுவும் வராமல் தொடர்ந்து போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

காப்பி செய்ததும் கோப்பின் ‘டேட் கிரியேட்டட்’ இன்றைய தேதிக்கு மாறும். எடுத்த தேதி படத்துக்குள்ளேயே எக்சிஃப் தகவலாக இருக்கிறது, அது மாறாது. எக்ஸ்ப்ளோரரில் ‘டேட் டேக்கன்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்து வரிசைப்படுத்துங்கள்.

ஆண்ட்ராய்டு போனிலிருந்து எடுப்பது எப்படி?

கேபிளில் இணைத்து, போனில் வரும் அறிவிப்பில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ தேர்ந்தெடுங்கள். கேமரா படங்கள் ‘டிசிஐஎம்’ ஃபோல்டரில் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள், புதிய ஆண்ட்ராய்டுகளில், ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’ என்பதன் அடியில் ஒளிந்திருக்கும். பத்தாயிரம் படங்களை ஒரே மூச்சில் இழுத்தால் இந்த இணைப்பு அடிக்கடி தொங்கும். ஆயிரம் ஆயிரமாக எடுங்கள், முதலில் லேப்டாப்புக்கு, அங்கிருந்து டிரைவுக்கு.

வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருக்கப்பட்டது, எடுத்த தேதியும் நீக்கப்பட்டது. கோப்பின் பெயரில் உள்ள எட்டு இலக்கம்தான் அது வந்த நாளைச் சொல்லும், ஆகவே பெயரை மாற்றாதீர்கள். முக்கியமான படமாக இருந்தால் எடுத்தவரிடம் மூலக் கோப்பை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஐபோனிலிருந்து விண்டோஸுக்கு இழுத்தால் பாதியில் பிழை வருகிறது.

போன் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காக மாற்றி அனுப்ப முயல்வதால் வரும் கோளாறு. போனின் செட்டிங்ஸில் ‘போட்டோஸ்’ பகுதிக்குப் போய், அடியில் ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்பதில் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ வையுங்கள். மாற்றமில்லாமல் அப்படியே வரும், பிழையும் நிற்கும். அதே பகுதியில் ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’ இயக்கத்தில் இருந்தால் முழு அளவுப் படங்கள் போனில் இருக்காது, ஐகிளவுடில்தான் இருக்கும். அவற்றை ஐகிளவுட் தளத்திலிருந்து இறக்க வேண்டும்.

கூகுள் போட்டோஸில் உள்ளவற்றை டிரைவுக்குக் கொண்டுவர?

கணக்கில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது, இப்போது 15 ஜிபிதான் இலவசம். அதனால் இந்தக் கேள்வி நிறைய வருகிறது. ‘கூகுள் டேக்அவுட்’ தளத்தில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு ‘கூகுள் போட்டோஸ்’ மட்டும் தேர்ந்தெடுங்கள். ஜிப் அளவை 2 ஜிபியிலிருந்து 10 அல்லது 50-க்கு மாற்றினால் துண்டுகள் குறையும். இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகும். படங்களோடு வரும் சிறு ‘ஜேசான்’ கோப்புகளை அழிக்காதீர்கள், கூகுளில் நீங்கள் திருத்திய தேதி, எழுதிய குறிப்பு எல்லாம் அவற்றில்தான் உள்ளன. எல்லா ஜிப்பும் பிழையில்லாமல் பிரிகின்றனவா என்று பார்க்காமல் கூகுளில் எதையும் அழிக்க வேண்டாம். அங்கே அழித்தால் ஒத்திசைவில் உள்ள போனிலும் அழியும்.

மேக்கின் போட்டோஸ் லைப்ரரியை டிரைவுக்கு மாற்ற முடியுமா?

முடியும். டிரைவ் ஏபிஎஃப்எஸ் அல்லது மேக் ஓஎஸ் எக்ஸ்டென்டட் ஃபார்மேட்டில் இருக்க வேண்டும், எக்ஸ்ஃபேட்டில் வைக்காதீர்கள். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் பயன்படுத்தும் டிரைவும் வேண்டாம். போட்டோஸை மூடிவிட்டு, ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரில் உள்ள லைப்ரரியை டிரைவுக்கு இழுங்கள். முடிந்ததும் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி போட்டோஸைத் திறந்து புதிய இடத்தைக் காட்டுங்கள். ஐகிளவுட் பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸில் ‘யூஸ் ஆஸ் சிஸ்டம் போட்டோ லைப்ரரி’ கொடுக்க வேண்டும். சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகு பழையதை அழியுங்கள்.

டிரைவைப் பிடுங்கும் முன் ‘இஜெக்ட்’ கட்டாயமா?

விண்டோஸ் 10-இன் 2018 பதிப்பான 1809 முதல் ‘குயிக் ரிமூவல்’ இயல்பாக இருக்கிறது, எழுதுவதைத் தள்ளிப்போடாது. அப்படியிருந்தும் இஜெக்ட் செய்யுங்கள். பின்னணியில் ஆன்டிவைரஸோ சிறுபடம் உருவாக்கும் வேலையோ ஓடிக்கொண்டிருக்கலாம். மேக்கிலும் எக்ஸ்ஃபேட் டிரைவிலும் கட்டாயம். ‘டிவைஸ் இன் யூஸ்’ என்று அடம்பிடித்தால் படம் பார்க்கும் மென்பொருள், லைட்ரூம் எல்லாவற்றையும் மூடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கணினியை ஷட்டவுன் செய்து கழற்றுங்கள்.

ஒரு டிரைவ் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இரண்டாவது பிரதியைச் செய்யுங்கள். லேப்டாப்பிலிருந்து டிரைவுக்கு மாற்றிவிட்டு லேப்டாப்பில் அழித்தால் உங்களிடம் இருப்பது பேக்கப் அல்ல, இடம் மாறிய ஒரே பிரதி. எல்லா ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் நிற்கும், எப்போது என்பதுதான் தெரியாது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதி இன்றும் செல்லும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வீட்டுக்கு எளிய வடிவம் இது: ‘படங்கள்-1’ உங்களிடம், அதன் நகல் ‘படங்கள்-2’ வேறு வீட்டில், மிக வேண்டிய படங்கள் கிளவுடில். வேறு வீடு என்பதை விட்டுவிடாதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளங்களுக்குள் வெள்ளம் புகுந்தபோது, ஒரே அலமாரியில் இருந்த இரண்டு பிரதிகளால் பயன் இருந்திருக்காது. அண்ணன் வீடு, அலுவலக மேசை, வங்கி லாக்கர், எதுவானாலும் சரி. மாதம் ஒருமுறை கொண்டுவந்து புதியவற்றை ஏற்றித் திருப்பி வைத்துவிடுங்கள்.

இரண்டையும் ஒத்திசைக்க ‘ஃப்ரீஃபைல்சிங்க்’ என்ற மென்பொருள் நன்றாக வேலை செய்யும். ‘மிரர்’ முறையில் ஓட்டும்போது எச்சரிக்கை தேவை: முதல் டிரைவில் தவறுதலாக அழித்தது இரண்டாவதிலும் அழியும். ‘அப்டேட்’ முறை எதையும் அழிக்காது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிரைவையும் எப்போதும் கணினியில் செருகி வைக்காதீர்கள். ரேன்சம்வேர் (பணம் பறிப்பதற்காகக் கோப்புகளைப் பூட்டும் வைரஸ்) வந்தால் செருகியிருப்பவை அனைத்தையும் பூட்டும்.

டிரைவ் கெடப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

சில நேரம் தெரியும். விண்டோஸில், டிரைவின் நிலையைக் காட்டும் ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற கருவியை ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைக் கவனியுங்கள். மாற்றி ஒதுக்கிய இடங்கள், படிக்கத் தடுமாறும் இடங்கள், படிக்கவே முடியாத இடங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை அவை. சி5 பூஜ்யத்துக்கு மேல் போய் ஏறிக்கொண்டே வந்தால் அன்றே படங்களை வெளியே எடுங்கள். முதலில் வேண்டியவை, பிறகு மற்றவை. அந்த நிலையில் விண்டோஸின் பிழைதிருத்தும் கருவியான ‘செக்டிஸ்க்’ ஓட்டாதீர்கள். அது அட்டவணையைத் திருத்தும், படங்களை மீட்காது. தளர்ந்த டிரைவை மணிக்கணக்கில் வேலை வாங்கும்.

‘கடக், கடக்’ என்று சீரான சத்தம் வந்தால் கேபிளையும் போர்ட்டையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள். ஒவ்வொருமுறை ஓடவிடும்போதும் தகடு கீறப்படலாம். கூட்டைப் பிரித்து உள்ளிருக்கும் டிஸ்க்கை வேறு பெட்டியில் போடும் யோசனையும் பல கையடக்க டிரைவ்களில் எடுபடாது. யூஎஸ்பி முனையே உள்பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். சுத்தமான அறை வசதியுள்ள மீட்பு நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும், செலவு புதிய டிரைவைவிடப் பல மடங்கு.

பாஸ்வேர்ட் போடலாமா?

வெளியே கொண்டுபோகும் டிரைவுக்குப் போடலாம். விண்டோஸ் ப்ரோவில் ‘பிட்லாக்கர்’ இருக்கிறது. ஹோம் பதிப்பில் பூட்ட முடியாது, பூட்டியதைத் திறக்க முடியும். மேக்கில் ஃபார்மேட் செய்யும்போதே ‘என்கிரிப்டட்’ வகையைத் தேர்ந்தெடுக்கலாம். பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். பாஸ்வேர்டும் சாவியும் இல்லையென்றால் படங்கள் போனவைதான், யாராலும் திறக்க முடியாது. வீட்டை விட்டு வெளியே போகாத குடும்பப் பட டிரைவுக்குப் பூட்டு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. திருட்டுப் போவதைவிடப் பாஸ்வேர்ட் மறந்துபோவதற்கே வாய்ப்பு அதிகம்.

பயன்படுத்தாத டிரைவை எப்படி வைப்பது? எத்தனை ஆண்டில் மாற்றுவது?

மூடும் பிளாஸ்டிக் பையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று கேபிள் முனையைக் கறுக்க வைக்கும், ஆகவே கேபிளையும் பைக்குள்ளேயே போடுங்கள். ஏசி அறையிலிருந்து புழுக்கமான இடத்துக்குக் கொண்டுவந்ததும் செருகாமல் அரை மணி நேரம் விடுங்கள், உள்ளே ஈரம் படிந்திருக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பழைய படங்களையும் வீடியோக்களையும் முழுதாகத் திறந்து பாருங்கள். ஃபோல்டர் பெயர் தெரிவது மட்டும் படம் இருப்பதற்குச் சாட்சியல்ல. ஐந்து ஆண்டு ஆனதும், நன்றாக ஓடினாலும், புதிய டிரைவ் வாங்கி எல்லாவற்றையும் ஏற்றுங்கள். வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் டிரைவின்மேல் ஒட்டிய சீட்டிலேயே எழுதிவிட்டால் கணக்கு மறக்காது. பழையதைத் தூக்கிப் போட வேண்டாம், மூன்றாவது பிரதியாக இருக்கட்டும். விற்பதாகவோ யாருக்காவது கொடுப்பதாகவோ இருந்தால், ஹார்ட் டிஸ்க்கில் குயிக் ஃபார்மேட் போதாது. ‘குயிக்’ டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் ஒருமுறை ஓட்டிய பிறகே கையை விட்டுப் போக வேண்டும்.